தேநீர்த் தோட்டத்தில் ஒரு வீடு இருந்தது

எல்லோருக்கும் வணக்கம். சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் வந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். கோல்டன் கேட் பூங்காவுக்குள் ஜப்பானியத் தேநீர்த் தோட்டம் இருக்கிறதே, அங்கே அரைவட்டமாக வளைந்து நிற்கும் மரப்பாலத்தைப் படம் எடுக்காமல் வந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தோட்டத்துக்குள் முன்பு ஒரு வீடும் இருந்தது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1894-ல் அந்தப் பூங்காவில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. நடுக்குளிர்காலத்திலும் கலிபோர்னியாவில் வெயில் அடிக்கும் என்று உலகுக்குக் காட்ட ஆசை. அதற்காக ஜார்ஜ் டர்னர் மார்ஷ் என்பவர் சுமார் ஓர் ஏக்கரில் ஒரு ஜப்பானியக் கிராமத்தை அமைத்தார். அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், ஜப்பானியக் கலைப்பொருள் வியாபாரி. பொருட்காட்சி முடிந்தால் கொட்டகையைப் பிரித்துவிட்டுப் போவதுதானே வழக்கம்? மக்கோட்டோ ஹகிவாரா என்ற ஜப்பானியர் விடவில்லை. பூங்காவின் கண்காணிப்பாளர் ஜான் மெக்லாரனிடம் பேசி, அதை நிரந்தரத் தோட்டமாக்கச் சம்மதம் வாங்கினார்.

நிலம் நகரத்தினுடையது. உழைப்பு ஹகிவாராவினுடையது. பணமும் பெரும்பாலும் அவர் கைக்காசுதான். ஜப்பானிலிருந்து செடிகளையும் தங்க மீன்களையும் வரவழைத்தார். ஓர் ஏக்கர் ஐந்து ஏக்கரானது. நடுவில் சில ஆண்டுகள் தோட்டம் அவர் கையைவிட்டுப் போனது. அப்புறம் 1907-ல் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்தார்.

தேநீரோடு அவர் கொடுத்த பலகாரம் ஒன்று உண்டு. மடித்த பிஸ்கட், உடைத்தால் உள்ளே ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஒரு பலன். கிளி வந்து எடுத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்! இன்று அமெரிக்காவில் சீன உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் தருவது இந்த பிஸ்கட்தான். அதை முதலில் செய்தது சான் பிரான்சிஸ்கோவா, லாஸ் ஏஞ்சல்ஸா என்று 1983-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வேடிக்கை நீதிமன்றமே கூடியது. தீர்ப்பு சான் பிரான்சிஸ்கோ பக்கம்! உள்ளூர் நீதிமன்றம் வேறு எப்படிச் சொல்லும்? இதன் மூலமோ ஜப்பானில், கியோட்டோ பக்கத்துப் பலகாரத்தில் இருக்கிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். ஹகிவாரா 1925-ல் காலமானார். மகள் தக்கானோவின் குடும்பம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிக்கொண்டிருந்த நேரம். 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போக வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. ஹகிவாரா குடும்பமும் மூட்டை கட்டியது.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. வீட்டை இடித்தார்கள். தோட்டத்தின் பெயரிலிருந்து 'ஜப்பானிய' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கீழைத் தேநீர்த் தோட்டம்' என்று வைத்தார்கள். பாலத்தையும் குளத்தையும் வைத்துக்கொண்டார்கள், கவனியுங்கள்! பழைய பெயர் 1952-ல் திரும்பி வந்தது. அந்தக் குடும்பத்துக்குத் தோட்டம் திரும்பி வரவில்லை. 1974-ல் அவர்கள் நினைவாக ஒரு வெண்கலப் பலகை வைத்தார்கள். அதைச் செய்த சிற்பி ரூத் அசாவாவும் சின்ன வயதில் அதே ஆணையால் முகாமில் அடைக்கப்பட்டவர்.

இன்னொன்று விட்டுப்போனது. அந்தக் குடும்பத்திடம் குட்டை மரங்கள் இருந்தன, பல ஆண்டுகள் வெட்டி வெட்டி வளர்த்தவை. முகாமுக்கா தூக்கிக்கொண்டு போக முடியும்? சாமுவேல் நியூசம் என்ற தோட்ட வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பிறகு அவை பிரேசர் என்ற மருத்துவர் தம்பதியிடம் விலைக்குப் போயின. அந்த அம்மையார் எழுதிவைத்த உயிலால் 1965-ல் மரங்கள் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தன. அடுத்த முறை போனால் பாலத்தில் கூட்டமாக இருக்கும், அதை விட்டுவிட்டு நேரே அந்த மரங்களிடம் போங்கள்.