நோய் வராதவர் வீட்டுக் கதவு

நேயர்களுக்கு வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு, அதாவது எம்.பி.எச்., படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சென்னைச் சேத்துப்பட்டில் நடந்த ஓர் ஆய்வின் கதையைத்தான்.

சென்னை மின்சார ரயிலில் போனவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் நிலையம் தெரியும். காசநோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து, ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவும் கொடுத்து வைத்திருந்த இடம்தான் சானடோரியம். 1950களில் நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். மருந்து வந்துவிட்டது. அதை வீட்டிலேயே கொடுத்தால் குணமாகுமா? கூட இருக்கும் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம் இதை ஆராய்ந்தது. சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மற்றவர்கள் வீட்டில், நெருக்கடியான அறையில், போதாத சாப்பாட்டோடு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்பதை உலகம் ஏற்க வழிசெய்த ஆய்வு இது. நம் ஊரில் நடந்தது!

குலுக்கல் என்றேனே, அதைக் கவனியுங்கள். மருத்துவரே ஆளைத் தேர்ந்திருந்தால், நோய் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். ஒப்பீடு அங்கேயே கெட்டிருக்கும்.

யாரை யாரோடு ஒப்பிடுவது? இந்தப் படிப்பின் உயிர்நாடி அதுதான். கல்யாண வீட்டில் சாப்பிட்ட பலருக்கு வயிற்றுப்போக்கு என்றால், பாயசத்தின் மேல் பழி போடுகிறோம். பாயசம் சாப்பிட்டும் நன்றாக இருப்பவர்கள் எத்தனை பேர்? சாப்பிடாமலே படுத்தவர்கள் எத்தனை பேர்? படுத்தவரை மட்டும் விசாரித்தால் போதாது. நோய் வராதவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். புள்ளியியல் பாடமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997இல் இப்படிப்பைத் தொடங்கியது. சென்னையில், நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. மருத்துவர்கள் அல்லாதவர்களையும் சேர்க்கும் இடங்கள் உண்டு. தகுதி இடத்துக்கு இடம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பு பற்றியும், சென்னை மாகாணத்தின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் பற்றியும் பேச நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது. விண்ணப்பிக்கும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: களப்பணி எத்தனை மாதம், உடன் வந்து வழிகாட்டுபவர் யார்? வகுப்பறையிலேயே முடிந்துவிடும் படிப்பு என்றால் வேறு நிறுவனம் பாருங்கள். வணக்கம்.