விபத்துக்குப் பிந்தைய அரை மணி நேரம்

(சங்ககிரியில் லாரி ஓட்டுநர்களும் அவர்கள் குடும்பத்தினரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி, இந்தியா முழுக்க லோடு அடிப்பவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோடு ராஜஸ்தான், சத்தீஸ்கர் வரை போய் வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு வண்டியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதிலும் இன்று ஒரே விஷயம்: விபத்து நடக்கும் அந்தச் சில நொடிகளிலும், அடுத்த அரை மணி நேரத்திலும் அவர் மூளை என்ன பாடுபடுகிறது?

ஏன் இந்த விஷயம் என்று சொல்கிறேன். விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடியதும் ஓட்டுநரைச் சூழ்ந்துகொண்டு கேட்பார்கள். "பைக்காரன் எந்தப் பக்கமிருந்து வந்தான்?" "தெரியலீங்க." "ஹாரன் அடிச்சியா, இல்லியா?" "ஞாபகம் இல்லீங்க." அவ்வளவுதான், பொய் சொல்கிறான், இல்லாவிட்டால் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடி விழுவதும் உண்டு. ஆனால் பல நேரம் அந்த மனிதர் சொல்வது அப்பட்டமான உண்மை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வராது. இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் எத்தனையோ நல்ல ஓட்டுநர்கள் பொய்யர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆதங்கத்தில்தான் பேச வந்தேன்.

திம்பம் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆசனூரிலிருந்து பண்ணாரிக்கு லோடு வண்டி இறங்குகிறது. பிரேக்கை மிதித்து மிதித்து டிரம் சூடேறிவிட்டது. ஒரு வளைவுக்கு முன்னால் மிதிக்கிறார், பிடிக்கவில்லை. அந்த நொடியிலேயே மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்டலா அபாயச் சங்கு ஊதுகிறது. நரம்பு வழியாகச் செய்தி போய், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் வறள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. இது முதல் அலை, நொடிக்கணக்கில் வந்துவிடும். இரண்டாவது அலை கார்ட்டிசால் என்ற ஹார்மோன். அது ரத்தத்தின் வழியாக ஒவ்வொரு படியாகக் கிளப்பப்பட வேண்டியது என்பதால் மெதுவாகத்தான் ஏறும். நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் கழித்தே உச்சத்துக்குப் போகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் கை கால்களைப் பார்ப்போம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நின்று யோசிக்கவும், இதை விட்டு அதைச் செய்யலாம் என்று மாற்றவும் நமக்கு உதவுவது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். நார்அட்ரினலின், டோபமைன் என்ற ரசாயனங்கள் அளவோடு இருந்தால் அந்தப் பகுதி கூர்மையாக வேலை செய்கிறது. நெருக்கடியில் அவை வெள்ளமாகப் பாயும்போது அங்குள்ள நரம்பு செல்களின் தொடர்பு தளர்ந்துபோகிறது. யோசனை பின்வாங்க, பழக்கம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

ஜெர்மனியில் லார்ஸ் ஷ்வாபே, ஆலிவர் வோல்ஃப் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. சிலரை ஐஸ் தண்ணீரில் கையை வைத்திருக்கச் சொல்லி நெருக்கடிக்கு உள்ளாக்கினார்கள். பிறகு, எதைத் தேர்ந்தெடுத்தால் எந்தத் தின்பண்டம் கிடைக்கும் என்று பழக்கினார்கள். அப்புறம் அதில் ஒரு பண்டத்தைத் திகட்டத் திகட்டச் சாப்பிட வைத்தார்கள். நெருக்கடிக்கு ஆளாகாதவர்கள் திகட்டியதை விட்டுவிட்டார்கள். நெருக்கடிக்கு ஆளானவர்களோ, வேண்டாத பண்டம் என்று தெரிந்தும் பழகியதையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது திம்பத்துக்கு வாருங்கள். பிடிக்காத பிரேக்கையே அந்த ஓட்டுநர் திரும்பத் திரும்ப மிதிக்கிறார். கியரைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? இருபது வருட சர்வீஸ் உள்ளவருக்கும் கால் பிரேக்கிலேயேதான் நிற்கும். வேகம் ஏறிய பிறகு சின்ன கியர் விழவும் செய்யாது. "எந்த கியரில் ஏறுவியோ அதே கியரில் இறங்கு" என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். மேலே, வளைவு தொடங்கும் முன்பே, தலை தெளிவாக இருக்கும்போதே கியரைப் போட்டுவிட்டால் பாதி வழியில் மூளையிடம் யோசனை கேட்க வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் பழக்கம் உள்ள தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: நெருக்கடி வரும்போது உங்கள் கை போகப்போவது, பயிற்சி வகுப்பில் ஒரு நாள் கேட்டதை நோக்கி அல்ல, தினமும் செய்ததை நோக்கித்தான். கிளீனராகக் கூட வருகிற பையனுக்கும் இதைச் செய்து காட்டுங்கள். தீயணைப்புக் கருவியின் ஊசியைப் பிடுங்குவதையும் கையால் செய்து பார்க்கட்டும்.

சரி, ஞாபகத்துக்கு வருகிறேன்.

முதலில், எது பதிகிறது? அந்தச் சமயத்தில் கவனம் ஹை பீம் வெளிச்சம் மாதிரி. நேர் எதிரே இருப்பது பளிச்சென்று தெரியும், ஓரத்தில் இருப்பது இருட்டு. எதிரே வந்த பஸ்ஸின் கண்ணாடி விரிசல்கூட வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும். பக்கத்தில் வந்த பைக் எந்த நிறம் என்றால் தெரியாது. அமெரிக்காவில் ராணுவப் பயிற்சி முகாம் ஒன்றில், போர்க்கைதிகளை விசாரிப்பது போல 500-க்கும் மேற்பட்ட வீரர்களை விசாரித்தார்கள். கடுமையாக மிரட்டி விசாரித்தவர் ஒருவர், சாதாரணமாக விசாரித்தவர் ஒருவர். ஒரு நாள் கழித்து அடையாளம் காட்டச் சொன்னபோது, மிரட்டியவரின் முகத்தைத்தான் அதிகம் பேர் தவறவிட்டார்கள். 2004-இல் வெளியான ஆய்வு இது. அத்தனை நேரம் எதிரே நின்று கத்தியவரின் முகத்தையே பயிற்சி பெற்ற வீரரால் காட்ட முடியவில்லை. மூன்று நொடியில் கடந்துபோன பைக்கைப் பற்றி நம் ஆளிடம் என்ன கேட்பது?

பதிந்தது ஏன் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கும் விடை உண்டு. 1994-இல் கலிபோர்னியாவில் லேரி காஹில், ஜேம்ஸ் மெக்காவும் அவர்கள் குழுவினரும், ஒரு சிறுவன் கார் மோதி அடிபடும் கதையைப் படங்களோடு காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், விபத்துப் பகுதிதான் எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் கதைக்கு முன்னால் ப்ரொப்ரனலால் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தனித்த அழுத்தம் இல்லை. அந்த மாத்திரை அட்ரினலின் வேலையைத் தடுப்பது. அதாவது பயத்தில் சுரப்பதே ஞாபகத்துக்கு முத்திரை குத்துகிறது. "எல்லாம் ஸ்லோ மோஷன்ல நடந்துச்சுங்க" என்று நிறையப் பேர் சொல்வீர்கள். டேவிட் ஈகிள்மன் குழு ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழ வைத்து 2007-இல் சொன்னது, விழும்போது கண்ணுக்கு நேரம் மெதுவாக ஓடவில்லை என்பதே. ஆனால் தாங்கள் விழுந்த நேரத்தை, பிறர் விழுந்ததைப் பார்த்து மதிப்பிட்டதைவிட 36 சதவீதம் நீளமாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அடர்த்தியாகப் பதிந்த ஞாபகம், திரும்பிப் பார்க்கும்போது நீளமாகத் தெரிகிறது.

இப்போது அந்த அரை மணி நேரம். 1998-இல் டொமினிக் டி குர்வேன் குழுவினர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தொட்டித் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க எலிகள் பழகியிருந்தன. சோதிப்பதற்கு முன் காலில் சிறிய மின் அதிர்ச்சி. அதிர்ச்சி கொடுத்து 2 நிமிடத்தில் சோதித்தால் எலிக்கு இடம் தெரிகிறது. 4 மணி நேரம் கழித்துச் சோதித்தாலும் தெரிகிறது. 30 நிமிடம் கழித்துச் சோதித்தால் மட்டும் தடுமாறுகிறது. ஞாபகம் அழிந்துபோகவில்லை, எடுக்க முடியவில்லை. எலியின் உடலில் கார்ட்டிசாலின் வேலையைச் செய்யும் கார்ட்டிகோஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. மனிதர்களிடம் செய்த பிற்காலச் சோதனைகளிலும் நெருக்கடிக்குப் பிறகு நினைவுகூரல் குறைவது தெரிந்தது.

கூட்டம் கூடி, போலீஸ் வந்து, முதலாளி போன் போட்டு, எல்லோரும் ஓட்டுநரைக் கேள்வி கேட்கும் நேரம் எது? கிட்டத்தட்ட அதே நேரம். ஒரு மனிதரால் மிகக் குறைவாகச் சொல்ல முடிகிற நேரத்தில்தான் மிக அதிகமாகக் கேட்கிறோம்.

கேட்பதோடு விடுவதும் இல்லை, சொல்லியும் கொடுக்கிறோம். எலிசபெத் லாஃப்டஸ் 1978-இல் கார் விபத்துப் படங்களைக் காட்டினார். படத்தில் இருந்தது "நில்" என்ற போர்டு. கேள்வி கேட்கும்போது "வழிவிடு" போர்டு என்று நடுவில் சொருகிவிட்டார். அப்புறம் பலர் "வழிவிடு" போர்டையே பார்த்ததாகச் சொன்னார்கள். "நீ ராங் சைடுல வந்தியாமே" என்று பத்துப் பேர் சொன்னால், பத்தாவது ஆள் முடிக்கும் முன் அது ஓட்டுநரின் ஞாபகத்திலேயே கலந்துவிடலாம். சாட்சி சொல்பவருக்கும் இதே கதிதான்.

அதனால் என் வேண்டுகோள் இது. ஓட்டுநர்களே, 108-க்குச் சொல்லுங்கள், அடிபட்டவரைப் பாருங்கள், போலீஸிடம் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். பயத்தில் எதையாவது இட்டு நிரப்பாதீர்கள், நாளைக்கு அது வேறு மாதிரி ஞாபகம் வந்தால் அப்போதுதான் நிஜமாகவே பொய்யர் ஆக்கப்படுவீர்கள். ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததும், வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவைப் பார்க்கும் முன், உங்களுக்கு நினைவிருப்பதை உங்கள் கையால் எழுதிவையுங்கள். வண்டி முதலாளிகளே, அந்த அரை மணி நேரத்தில் போன் போட்டுத் திட்டாதீர்கள். உங்கள் ஆள் உயிரோடு இருக்கிறாரா, தண்ணீர் குடித்தாரா என்று கேளுங்கள். வண்டியில் கேமரா வையுங்கள், கேமராவுக்குக் கார்ட்டிசால் சுரப்பதில்லை.

முடிக்கப் போகும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மணி எழுந்து கேட்டார். "அவரு வந்து பத்து நாளாச்சுங்க. கண்ணை மூடுனா எந்திரிச்சு உக்காந்துக்கறாருங்க. இது எத்தன நாளைக்குங்க?"

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் அம்மா. திரும்பத் திரும்ப அதைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். குடித்தால் தூக்கம் வரும் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அது தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்தால், அந்தப் பாதையில் வண்டி எடுக்கவே நடுங்கினால், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அதற்குப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அவர் பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு, இப்போது என்னிடம் கேட்டதை அப்படியே கேளுங்கள்.