கொட்டியாரக் குடாவில் நின்று ‘குடா’வைப் பற்றி

வணக்கம் உறவுகளே. இலங்கையின் கிழக்கே மூதூர்க் கரையில் நிற்கிறேன். என் பின்னால் விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா; 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலில் கலப்பது இங்கேதான். இன்று நான் பேச வந்தது ‘குடா’ என்ற சொல்லைப் பற்றி.

என் கையைக் கொஞ்சம் பாருங்கள். தண்ணீர் அள்ளுவதற்காக விரல்களைச் சேர்த்து இப்படிக் குழிக்கிறேன் அல்லவா, இதற்குக் குடங்கை என்று பெயர். குடங்குதல் என்றால் வளைதல். குடவு என்றால் வளைவு. கரை இதே போல வளைந்து கடலை உள்ளே வாங்கிக்கொண்டால் அது குடா. வங்காள விரிகுடாவிலும் பாரசீக வளைகுடாவிலும் இருப்பது இந்தக் குடாதான். யாழ்ப்பாணத்தைக் குடாநாடு என்கிறோம். அங்கே அதே சொல் நிலத்தின் பெயருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இனி, தெற்கே போகும்போது ‘குடா ஓயா’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வளைவைத் தேடாதீர்கள். சிங்களத்தில் குடா என்றால் சிறிய. ஓயா என்றால் ஆறு. சின்ன ஆறு, அவ்வளவுதான்.

மலாய் மொழியிலும் இந்தோனேசியாவிலும் குடா என்பது குதிரை. ‘குடா லாவுட்’ என்றால் கடற்குதிரை. லாவுட் என்பது கடல். ஜாவாவில் மூங்கிலால் பின்னிய தட்டைக் குதிரையைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஆடும் கூத்துக்குக் ‘குடா லும்பிங்’ என்று பெயர்.

ருஷ்ய மொழியில் இது ஒரு கேள்வி: ‘எங்கே, எந்தப் பக்கம்?’ நாக்கு பல்லைத் தொடுவதால் ‘டா’ சற்றுத் ‘தா’ போலக் கேட்கும்.

ஒலி ஒன்றானால் உடனே உறவு கொண்டாடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்களமும் ருஷ்யமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். இருந்தும் அவற்றின் ‘குடா’க்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியம். உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது: சிங்களவர் ‘எங்கே’ என்று கேட்கும் ‘கொஹே’வின் முதல் எழுத்தும் ருஷ்யக் ‘குடா’வின் முதல் எழுத்தும் ஒரே பழைய வினாவேரிலிருந்து வந்தவை. ‘யார்’ என்று கேட்கும் சமஸ்கிருதக் ‘கஹ’வும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

மலேசியாவிலிருந்து பார்க்கும் உறவுகளே, குதிரையைத் தவிர வேறெதற்கெல்லாம் அங்கே ‘குடா’ சொல்கிறார்கள்? கீழே எழுதுங்கள்.