மாசம் எவ்வளவு வருது?

வணக்கம் மக்களே. பாம்பன் சின்னப்பாலத்தில், கரையேற்றி வைத்த ஒரு வள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். கச்சான் காற்று போட்டு அடிக்கிறது. மைக்கில் அம்மாச்சியின் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருக்கிறேன். அப்படியும் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் மானிடவியல் முதுகலை முடிக்கப் போகிறேன். ஊருக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை, சித்தி கேட்டுவிட்டார்: "ஏத்தா, இதைப் படிச்சா டீச்சர் வேலையா, ஆபீஸ் வேலையா?" நகரத்து ஏழைகளைப் பற்றி வேலை செய்யப் போகிறேன் என்றேன். "இங்க இல்லாத ஏழையா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் இந்த வீடியோ.

போன வருடம் களப்பணிக்குக் கண்ணகி நகர் போனோம். சென்னைக்குள்ளே கால்வாய் ஓரமும் ஆற்றோரமும் குடியிருந்தவர்களை 2000 வாக்கில் தொடங்கி கொண்டுபோய் வைத்த இடம். என் கையில் அச்சடித்த படிவம். மூன்றாவது கேள்வி, மாத வருமானம் எவ்வளவு? சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா சிரித்துவிட்டார். "மாசமா? நான் என்ன கவர்மெண்டு உத்தியோகமா பாக்குறேன்? நேத்து வேலை இருந்துச்சு, இன்னைக்கு இல்ல. எதைச் சொல்ல?" நான் விடவில்லை. கட்டத்தை நிரப்ப வேண்டுமே. என்னை அனுப்பிவைப்பதற்காக ஏதோ ஒரு தொகையைச் சொன்னார், நானும் எழுதிக்கொண்டேன். அந்தப் பொய் இன்றைக்கும் ஒரு எக்செல் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. இதே கேள்வியை அம்மாச்சியிடம் கேட்டால்?

அம்மாச்சி கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர். விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கீற்றைச் சுற்றி, ரப்பரை மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு இறங்குவார். பாறை கிழிக்காமல் இருக்கத்தான் இவ்வளவும். அப்படியும் விரல் நுனியில் ரேகை இல்லை. ரேஷன் கடை மெஷினில் ஐந்து தடவை வைத்தாலும் பச்சை விளக்கு எரியாது. அவர் கணக்கில் மாதம் என்பதே கிடையாது, தண்ணீர்தான் உண்டு. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். மாதத்துக்கு 12 நாள் போதும், பாசி வளரட்டும் என்று எங்கள் பெண்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015-இல் வாங்கிய லட்சுமி மூர்த்தி அக்காவும் எங்கள் சின்னப்பாலம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வகுப்பில் ஆஸ்கர் லூயிஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளரைப் படித்தோம். 'வறுமைப் பண்பாடு' என்ற பெயரை 1959-இல் போட்டவர். ஏழைகள் இன்றைக்கு மட்டுமே வாழ்கிறார்கள், நாளைக்கென்று நினைப்பதில்லை, அதைப் பிள்ளைகளுக்கும் கடத்துகிறார்கள் என்று போகும் அவர் வாதம். அம்மாச்சி கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். மிச்ச 18 நாளும் பாசியை விட்டுவைக்கிறவருக்கா நாளை தெரியாது?

அரசாங்கக் கணக்கும் மாதத்தில்தான் ஓடுகிறது. பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் குழு சொன்ன முறைப்படி 2011-12க்கான வறுமைக் கோடு நகரத்தில் தலைக்கு மாதம் 1,000 ரூபாய் செலவு, கிராமத்தில் 816. அதற்குள் கடன் எங்கே தெரியும்? இங்கே வியாபாரி முன்பணம் கொடுத்து வைத்திருப்பார், பாசியை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. அங்கே கண்ணகி நகர் அக்காவிடம், கடனை நாள் தவறாமல் வசூலிக்கும் தண்டல்காரர் சாயங்காலம் வந்து நிற்பார். வேலை கிடைத்த நாளும் கிடைக்காத நாளும் அவருக்கு ஒன்றுதான். எனக்கு இரண்டும் ஒரே கயிறாகத்தான் தெரிகிறது. அதைத்தான் முனைவர் பட்ட ஆய்வாக எடுக்க ஆசை. நாள் வருமானமும் நாள் கடனும், வீடு மாறிப் போன பிறகு அவை என்ன ஆகின்றன என்பதும்.

வேலை? இருக்கிறது சித்தி. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, நிலம் எடுக்கும் முன் அங்கிருப்பவர்கள் வாழ்க்கை என்ன ஆகும் என்று பார்க்கும் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், சில விலக்குகள் போக. அந்த வேலைக்கு எங்கள் படிப்பு பொருந்தும். ஆனால் குடிசைகளைப் பெயர்க்கும்போது இப்படி உட்கார்ந்து கேட்பவர்கள் குறைவு. பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும், விடியற்காலை நான்கு மணிக்கு மீன் எடுக்கப் போகும் அம்மா எப்படிப் போவார் என்று முன்னாடியே கேட்டு எழுதித் தரும் ஆளாக இருக்க வேண்டும். சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் ஒளிக்கவில்லை. யுபிஎஸ்சி-யில் மானிடவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், 500 மதிப்பெண். வீட்டில் அதைச் சொல்லித்தான் சமாளித்து வைத்திருக்கிறேன். எழுதுவேனா என்று கேட்காதீர்கள்.

அப்புறம், நாளை மறுநாள் பௌர்ணமி. அம்மாச்சியோடு நானும் இறங்கலாமா என்று கேட்டேன். "நீச்சல் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "மூச்சு?" என்றார்.

அதைத்தான் இப்போது வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.