எல்லா ஐகானும் நோட்பேடாக மாறிவிட்டதா? ரெஜிஸ்ட்ரியில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது

[திரையில்: டெஸ்க்டாப். எல்லா ஷார்ட்கட்டிலும் நோட்பேட் ஐகான்.]

வணக்கம். இந்த டெஸ்க்டாப்பைப் பாருங்கள். பிரவுசர், கால்குலேட்டர், போட்டோ எடிட்டர் என்று பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஐகான் மட்டும் எல்லாவற்றுக்கும் நோட்பேடுடையது. எதை டபுள் கிளிக் செய்தாலும் நோட்பேட் திறந்து, உள்ளே புரியாத எழுத்துகளைக் கொட்டுகிறது. வைரஸ்தான் வந்துவிட்டது என்று பயந்து, விண்டோஸையே அழித்து மறுபடி போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல வருடங்களாகச் செய்துவைத்த செட்டிங்ஸ் எல்லாம் அதோடு போய்விடும். இவ்வளவுக்கும் அழிக்க வேண்டியது பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமித்துவைக்கும் இடத்தில், ஒரே ஒரு கீயைத்தான். கீ என்றால் அங்கே ஃபோல்டர் போல இருக்கும் ஒரு பதிவு.

அந்தக் கீ எங்கே இருக்கிறது என்று தெரிய, டபுள் கிளிக் செய்தவுடன் விண்டோஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

[திரையில்: ரெஜிஸ்ட்ரி எடிட்டர், கிளாசஸ் ரூட்.]

விண்டோஸ் முதலில் பார்ப்பது ஃபைல் பெயரின் வால் பகுதியை, அதாவது எக்ஸ்டென்ஷனை. டாட் டிஎக்ஸ்டி என்று இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் அதே பெயருள்ள கீயைத் தேடுகிறது. அந்தக் கீ ‘டிஎக்ஸ்டிஃபைல்’ என்ற இன்னொரு பெயரைக் கை காட்டும். அதற்குள் ஷெல், அதற்குள் ஓபன், அதற்குள் கமாண்ட். அங்கேதான் எந்த புரோகிராம் என்று எழுதியிருக்கும். பக்கத்தில் %1 என்று ஒன்று இருக்கிறதே, அது நீங்கள் கிளிக் செய்த ஃபைலின் முகவரி வந்து உட்காரும் இடம்.

இந்தக் கிளாசஸ் ரூட் தனி இடம் கிடையாது. கணினி முழுவதற்கும் பொதுவான பதிவுகள் லோக்கல் மெஷினில் இருக்கின்றன. உங்கள் அக்கவுன்டுக்கு மட்டுமானவை கரன்ட் யூசரில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் காட்டும் பார்வைதான் இது. இரண்டிலும் ஒரே பதிவு இருந்தால் உங்களுடையதுதான் செல்லும். இதற்கும் மேலே, எக்ஸ்ப்ளோரரின் ஃபைல்எக்ஸ்ட்ஸ் பகுதியில், நீங்கள் தேர்ந்தெடுத்த புரோகிராமைக் குறித்துவைக்கும் ‘யூசர்சாய்ஸ்’ என்று ஒரு கீ. அது இருந்தால் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதனால் எதையும் திருத்துவதற்கு முன், புதிதாக ஒரு யூசர் அக்கவுன்ட் உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காகத் திறந்தால் கோளாறு உங்கள் அக்கவுன்டில் மட்டும்தான். பொதுப் பதிவுகளையும், அவற்றை யார் மாற்றலாம் என்று சொல்லும் பர்மிஷன்களையும் தொடவே வேண்டாம். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் இறங்கித்தான் பலர் சின்னக் கோளாறைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

அப்புறம், சிஸ்டம் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் இப்போதைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு அது. பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே இருக்கும், முதலில் அதை இயக்குங்கள். ‘நான் ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கிறேனே’ என்றால், அது போதாது. எக்ஸ்போர்ட் செய்யும் டாட் ரெக் ஃபைலில் கீகளும் மதிப்புகளும் இருக்கும், பர்மிஷன்கள் இருக்காது.

[திரையில்: ஃபைல்எக்ஸ்ட்ஸ், டாட் எல்என்கே.]

சரி, நம் நோட்பேட் ஐகான்களுக்கு வருவோம். ஸ்டார்ட் மெனுவில் இருப்பவையும் ஷார்ட்கட்தான், அவையும் திறக்காமல் போகலாம். அதனால் விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, ரெஜெடிட் என்று டைப் செய்யுங்கள். ஷார்ட்கட்டின் எக்ஸ்டென்ஷன் டாட் எல்என்கே. ஃபைல்எக்ஸ்ட்ஸுக்குள் அதைத் திறந்து பாருங்கள். ஆரோக்கியமான கணினியில் இதற்கு அடியில் யூசர்சாய்ஸ் இருக்காது. இங்கே இருக்கிறது. ரைட் கிளிக், டிலீட். சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் ஐகான்கள் திரும்பியிருக்கும்.

சில சமயம் இந்த டிலீட்டே நடக்காது, அழிக்க முடியவில்லை என்று பிழை வரும். யூசர்சாய்ஸின் பர்மிஷனைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயருக்கு எதிரிலேயே ‘டிநை’, மதிப்பை மாற்றத் தடை என்று இருக்கும்! இதுவும் ஒரு கோளாறு என்று நினைக்க வேண்டாம், விண்டோஸ் தெரிந்தே போட்ட பூட்டு அது. இன்ஸ்டால் ஆகிற புரோகிராம்கள் எல்லாம் உங்களைக் கேட்காமலே எக்ஸ்டென்ஷன்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்ட காலம் உண்டு. அதைத் தடுக்கத்தான் இது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஹாஷ்’ என்ற முத்திரையும் சேர்ந்தது. நீங்கள் கையால் புரோகிராம் பெயரை மாற்றி எழுதினால் முத்திரை பொருந்தாது, விண்டோஸ் அதை ஏற்காது. ஆகவே அந்த டிநை வரியை எடுங்கள், கீயை அழியுங்கள், அங்கே எதையும் எழுதாதீர்கள். மற்ற எக்ஸ்டென்ஷன்களுக்கு வேண்டிய புரோகிராமை செட்டிங்ஸில், டிஃபால்ட் ஆப்ஸ் பகுதியில் போய்த் தேர்ந்தெடுங்கள். முத்திரையை விண்டோஸே போட்டுக்கொள்ளும்.

புரோகிராம்களின் எக்ஸ்டென்ஷனான டாட் இஎக்ஸ்இ கெட்டுப்போனால்தான் உண்மையில் கஷ்டம், ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் ஒரு இஎக்ஸ்இ ஃபைல்தானே. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 6-ஐ அழுத்தினால் சேஃப் மோடில், அதாவது அவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில், கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் வரும். அங்கிருந்து ரெஜெடிட். கரன்ட் யூசரின் சாஃப்ட்வேர், கிளாசஸ் பகுதியில் டாட் இஎக்ஸ்இ என்றோ இஎக்ஸ்இஃபைல் என்றோ கீ இருந்தால் அழியுங்கள், வழக்கமாக அங்கே அவை இருப்பதில்லை. பொதுப் பகுதியில் இஎக்ஸ்இஃபைலின் ஓபன் கமாண்ட் "%1" %* என்று மட்டும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறொரு புரோகிராமின் பெயர் ஒட்டியிருந்தால் தீங்கான மென்பொருளின் வேலையாக இருக்கலாம். அதைத் திருத்திவிட்டு, முழு ஸ்கேனும் செய்யுங்கள்.

[திரையில்: பர்மிஷன், அட்வான்ஸ்டு ஜன்னல்.]

இப்போது பொதுப் பகுதியில் இருக்கும் கீயே திறக்க மறுக்கிறது, அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தும் ‘அக்சஸ் டினைட்’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே ஓனர் யார் என்று பாருங்கள். பல இடங்களில் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்று இருக்கும். விண்டோஸ் அப்டேட்களை நிறுவும் சர்வீஸ் அது.

இந்த இடத்தில் இணையத்தில் அதிகம் கிடைக்கும் ஆலோசனை, கிளாசஸ் ரூட் முழுவதற்கும் ‘எவ்ரிஒன்’ பெயரில் ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள் என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். பிழைச் செய்தி உடனே போய்விடும், உண்மைதான். ஆனால் அன்று முதல், அட்மின் உரிமையே இல்லாத எந்த புரோகிராமும் கணினியிலுள்ள எல்லோருக்குமான ஃபைல் திறக்கும் வழியை மாற்றிவிடலாம். ஆயிரக்கணக்கான கீகளில் எதற்கு முன்பு என்ன பர்மிஷன் இருந்தது என்பதும் அழிந்துபோகும்.

கெட்டுப்போன அந்த ஒரு கீயை மட்டும் எடுங்கள். முதலில் இப்போதிருக்கும் பர்மிஷன் ஜன்னலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஓனரை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்று மாற்றுங்கள், அவர்களுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள், மதிப்பைத் திருத்துங்கள். பிறகு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து, பர்மிஷன்களைப் பழையபடி ஆக்குங்கள்.

ஓனரைத் திருப்பிக் கொடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்று மட்டும் டைப் செய்தால் அப்படி யாரும் இல்லை என்று விண்டோஸ் சொல்லிவிடும். திரையில் உள்ளபடி, என்டி சர்வீஸ், ஒரு பின்சாய்வுக் கோடு, அதன்பின் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்று இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக அடியுங்கள். செக் நேம்ஸ் பட்டனை அழுத்தியதும் பெயருக்கு அடிக்கோடு விழுகிறது, பார்த்தீர்களா? இப்போது ஓகே கொடுத்து, ஜன்னலை மூடிவிட்டு, முன்பு திறக்காத ஃபைலை டபுள் கிளிக் செய்து பாருங்கள்.