எடுத்த கல் எங்கே?

அனைவருக்கும் வணக்கம்.

சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற்றவர்களைச் சந்திக்கும்போது நான் முதலில் கேட்பது, எடுத்த கல்லை என்ன செய்தார்கள் என்பதைத்தான். "தூக்கிப் போட்டிருப்பார்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. உயிர்வேதியியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இந்தப் பதிலை என்னால் சாதாரணமாக ஏற்க முடிவதில்லை. அந்தக் கல் எதனால் ஆனது என்று தெரிந்தால்தான் அடுத்த கல் வராமல் தடுக்க வழி தெரியும்.

இந்தத் துறையே ஒரு கல்லிலிருந்துதான் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1776இல் சுவீடனின் வேதியியலாளர் ஷீலே சிறுநீர்ப்பைக் கல்லில் யூரிக் அமிலத்தைக் கண்டார். இங்கிலாந்தின் வேதியியலாளர் வொல்லஸ்டன் 1810இல் இன்னொரு சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்தார். நார்விச் நகர மருத்துவர் ரீவ் கொடுத்த கல் அது. அதுவரை தெரிந்த எந்த வகையிலும் அது சேரவில்லை. அமிலத்திலும் கரைந்தது, காரத்திலும் கரைந்தது. அதில் இருந்த பொருளைத்தான் இன்று சிஸ்டின் என்கிறோம். 1899இல் மெர்னர் அதைக் கொம்பிலிருந்து பிரித்தெடுத்தபோது, நம் முடியிலும் நகத்திலும் உள்ள புரதத்தின் ஓர் உறுப்பு அது என்பது தெளிவாயிற்று.

உடலுக்குத் தேவையான பொருள் ஏன் கல்லாகிறது? 1908இல் ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்றப் பிழைகளைப் பற்றி ஆற்றிய உரைகளில், சிறுநீரில் சிஸ்டின் மிகுதியாக வெளியேறும் சிஸ்டினூரியா என்ற நோயையும் சேர்த்தார். உடல் சிஸ்டினைச் சரியாகக் கையாளாததே காரணம் என்று அவர் எண்ணினார். பரம்பரைக் குறை என்பதில் அவர் கணிப்பு சரி. ஆனால் குறை இருந்த இடம் வேறு. அதைக் காட்டியவர்கள் லண்டனின் டென்ட்டும் ரோஸும், 1951இல். இந்த நோயாளிகளின் சிறுநீரில் சிஸ்டின் மட்டுமன்றி லைசின், ஆர்ஜினின், ஆர்னிதின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் மிகுந்திருந்தன. இரத்தத்திலோ அவை கூடவில்லை. அப்படியானால் உடல் அவற்றை அதிகமாக உண்டாக்கவில்லை. வடிகட்டிய பிறகு சிறுநீரக நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சத் தவறுகின்றன. நான்கும் ஒரே வாசல் வழியாக உள்ளே திரும்ப வேண்டியவை. வாசல் பழுதானதால் நான்கும் வெளியே போகின்றன. மற்ற மூன்றும் நீரில் எளிதில் கரைபவை, எனவே தீங்கில்லை. சிஸ்டின் ஒன்றுதான் கரையாமல் கல்லாகிறது. சிறுநீர்ப்பையில் முதலில் அகப்பட்ட கல்லின் காரணம் சிறுநீரகத்தில் இருந்தது! இந்தத் தர்க்கத்தை மாணவர்களுக்கு நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது. அந்த வாசலுக்கான மரபணுக்கள் இரண்டும் 1990களில் அடையாளம் காணப்பட்டன.

சிகிச்சை இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. சாதாரணமான சிறுநீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் சிஸ்டின்தான் கரையும். ஒருவர் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வெளியேற்றினால், நான்கு லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும். இரவில் சிறுநீர் செறிவடைவதால் நள்ளிரவிலும் எழுந்து நீர் குடிக்க வேண்டும்; டென்ட் அதை வற்புறுத்தினார். சிறுநீரில் காரத்தன்மை கூடினால் சிஸ்டின் மேலும் கரையும் என்பதால் பொட்டாசியம் சிட்ரேட் கொடுக்கிறார்கள். உணவில் உப்பைக் குறைத்தால் சிஸ்டின் வெளியேறுவதும் குறைகிறது.

இவை போதாதபோது மருந்து. சிஸ்டின் என்பது, சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகள் கந்தக அணுக்களால் பிணைந்தது. பென்சிலினிலிருந்து கிடைத்த பென்சிலமின் என்ற மருந்து அந்தப் பிணைப்பைப் பிரித்து, ஒரு சிஸ்டைனுடன் தானே சேர்ந்துகொள்கிறது. அந்தச் சேர்மம் சிஸ்டினைவிடப் பன்மடங்கு எளிதில் கரையும். 1963இல் இந்த வழி நோயாளிகளிடம் பலன் தந்தது. ஆனால் பக்கவிளைவுகள் உண்டு. சிலருக்குச் சிறுநீரில் புரதம் இறங்கும். அதனால் இன்று பல இடங்களில், இதே வழியில் செயல்படும் டயோப்ரோனின் என்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கும் கண்காணிப்பு வேண்டும்.

சிஸ்டினூரியா அரிய நோய்தான். ஆனால் குழந்தைக்கோ இளம் வயதினருக்கோ கல் வந்தாலும், திரும்பத் திரும்ப வந்தாலும், அதையும் சந்தேகிக்க வேண்டும். அறுகோணப் படிகங்கள் சிறுநீரில் தெரிந்தால் அது வலுவான சான்று. கல்லை உடைக்க வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலைகளுக்கு இந்தக் கல் எளிதில் உடையாது என்பதால், சிகிச்சை முறையைத் தேர்ந்தெடுக்கவும் கல்லின் வகை தெரிந்திருப்பது உதவும். ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் சோதனை செய்யுங்கள். கல்லை லேசரால் பொடித்தாலும் சில துகள்கள் போதும். அவற்றைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும்படி சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். முடிவுத்தாளைக் கையில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.