எக்கோ யார் ரூமில் இருக்கிறது? பல கிளை வைத்திருப்பவர்கள் வீடியோ மீட்டிங் சிஸ்டம் வாங்கும் முன் பாருங்கள்

[திரையில்: நாலு கட்டங்கள். மூன்றில் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். நாலாவதில் ஒருவர் நிம்மதியாக டீ குடிக்கிறார்.]

நாலு கிளைகள் ஒரே மீட்டிங்கில் இருக்கின்றன. மூன்று இடத்திலிருந்து "எக்கோ வருது, எக்கோ வருது" என்று சத்தம். நாலாவது ஆள் மட்டும் "எனக்கு நல்லாத்தானே கேட்குது" என்கிறார். கோளாறு எங்கே? அந்த "நல்லாத்தானே கேட்குது" ரூமில்தான்! ஏன் என்று காட்டுகிறேன். அது புரிந்தால் என்ன வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

வணக்கம் மக்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஹெட் ஆபீஸ் அவிநாசி ரோட்டில், தையல் யூனிட் பெருந்துறையில், சென்னையில் சின்னதாக ஒரு ஆபீஸ், ஷிப்பிங் வேலைக்குத் தூத்துக்குடியில் இரண்டு பேர். தினமும் காலையில் நாலு இடமும் பேசியாக வேண்டும்.

கொஞ்சம் வரலாறு. 1970-ல் ஏடி அண்ட் டி நிறுவனம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் முகம் தெரியும் போனை மாதம் 160 டாலருக்குக் கொடுத்தது, அதில் பேச 30 நிமிடம்தான். ஆள் சேரவில்லை. ஸ்கைப் வந்தது, 2025 மே மாதம் அதையும் மூடிவிட்டார்கள். வரலாறு முடிந்தது, வாங்க.

எந்த ஆப்? எல்லோரும் இதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கம்பெனி மெயிலுக்கு ஏற்கெனவே யாருக்குப் பணம் கட்டுகிறீர்கள்? கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் மீட் அதிலேயே இருக்கிறது. ஜோஹோ வொர்க்பிளேஸ் என்றால் ஜோஹோ மீட்டிங். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் டீம்ஸ் சேர்ந்த பிளானா, சேராத பிளானா என்று பில்லைப் பாருங்கள். ரெக்கார்டிங் வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள், வொர்க்ஸ்பேஸின் அடிமட்ட பிளானில் அது கிடையாது. இலவச ஜூம் 40 நிமிடத்தில் கட் ஆகிவிடும். எம்.டி. நீட்டி முழக்குகிறவர் என்றால் அதுவே சிறந்த தேர்வு என்பது என் சொந்தக் கருத்து. இந்த இடத்தை மட்டும் அவருக்கு ஃபார்வர்டு பண்ணிவிடாதீர்கள்.

[திரையில்: பெருந்துறை ரூம். சுவரில் டிவி, மேஜையில் லேப்டாப்.]

இப்போது எக்கோவுக்கு வருவோம். சென்னையில் ஒருவர் பேசுகிறார். அவர் குரல் பெருந்துறை டிவி ஸ்பீக்கரில் வெளியே வருகிறது. அங்கே லேப்டாப் மைக் திறந்தே இருக்கிறது. அந்தக் குரலை அது பிடித்து மறுபடி எல்லோருக்கும் அனுப்புகிறது. சென்னைக்காரருக்குத் தன் பேச்சே கொஞ்சம் தள்ளித் திரும்பிக் கேட்கும். தூத்துக்குடியில் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு முறை. பெருந்துறைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் தன் மைக்கிலிருந்து போவது தனக்கே திரும்பி வராது. அதனால் எக்கோ வந்தால் கிளைகளை ஒவ்வொன்றாக மியூட் செய்யுங்கள். எதை மியூட் செய்ததும் நிற்கிறதோ, அங்கேதான் வேலை.

ஆப்பில் எக்கோவை அடக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினோம் என்று ஆப்புக்குத் தெரியும். மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடும். ஆனால் ஒரே ரூமில் இரண்டு லேப்டாப் ஆடியோவோடு சேர்ந்தால், ஒன்று என்ன ஒலிபரப்புகிறது என்று இன்னொன்றுக்குத் தெரியாது. கணக்குத் தப்பிவிடும், காது கிழியும். ஒரு ரூமுக்கு ஒரு ஆடியோ, அவ்வளவுதான்.

அதனால் 65 இன்ச் டிவிக்கு ஆசைப்படும் முன், மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக இருக்கும் ஸ்பீக்கர்போன் ஒன்றை வாங்கி மேஜை நடுவில் வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும், ரூமின் எதிரொலி மட்டும் குறையாது. மேஜைக் கோடியில் உட்கார்ந்திருப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்பது இதனால்தான். டைல்ஸ் தரை, கண்ணாடித் தடுப்பு, வெறும் சுவர் என்றால் இன்னும் மோசம். திருப்பூர்க்காரருக்குத் துணிக்கா பஞ்சம்? பையர் ரிஜெக்ட் செய்த ஃபிளீஸ், அதாவது தடித்த பஞ்சு மாதிரித் துணி, இருந்தால் இரண்டு மூன்று மடிப்பாகச் சுவரில் தொங்கவிடுங்கள். செலவே இல்லாத சவுண்ட் ட்ரீட்மென்ட்.

இன்டர்நெட் லைன்: டவுன்லோடு வேகத்தை விடுங்கள், உங்கள் பக்கத்திலிருந்து அனுப்பும் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். ரூமுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் (Mbps) நிலையாக இருந்தாலே தாராளம். கரன்ட் போனால் லேப்டாப் ஓடும், ரவுட்டர் ஓடாது. அதை யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. யூனிட்டில் ஓவர்லாக் மெஷின் வித்தியாசமாகச் சத்தம் போடுகிறது. மெக்கானிக் போனை மெஷின் பக்கத்தில் பிடித்து "கேட்குதாண்ணே?" என்கிறார். திருப்பூரில் "ஒண்ணும் கேட்கலையே தம்பி" என்கிறார்கள். ஆப் அதை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிட்டது! ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்" என்ற செட்டிங்கைப் போட்டால் மெஷின் பேச ஆரம்பிக்கும். டெமோ காட்ட வருகிறவரிடம் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் தையல் ஃப்ளோரிலிருந்து.

கடைசியாக, வீடியோ காலில் ஷேட் அப்ரூவல், அதாவது துணி நிறத்துக்கு ஓகே சொல்வது, வேண்டவே வேண்டாம். கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும். ட்யூப்லைட் அடியில் ஒரு நேவி, ஜன்னல் பக்கம் போனால் வேறு நேவி. லேப் டிப், அதாவது சாயம் போட்ட சாம்பிள் துணி, கூரியரிலேயே போகட்டும். உங்கள் தொழிலில் கேமரா இப்படிக் காலை வாரும் இடம் எது? கமென்ட்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் அதை வைத்தே நாலு கேமராவை ஒரே மேஜையில் மோதவிடுகிறேன்.